கோபத்தில் தலாக் சொல்லிவிட்டார், என்ன செய்வது?

வ அலைக்குமுஸ் ஸலாம் தங்கச்சி. ஞாயிறு ராத்திரி சண்டையில் மச்சான் தலாக் என்று சொல்லிவிட்டார், விடிந்ததும் "சும்மா கோபத்துல சொன்னேன்" என்கிறார், ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், கோலாலம்பூர் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, யாரைக் கேட்பது என்று எழுதியிருந்தாய்.

முதலில், ஊர்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டுத் தீர்ப்புக் கேட்பதை நிறுத்து. இங்கே அது ஷரீஆ நீதிமன்றத்தின் வேலை. கோலாலம்பூர் அடங்கிய கூட்டரசுப் பிரதேசத்தின் 1984 இஸ்லாமியக் குடும்பச் சட்டப்படி, வெளியே தலாக் சொன்னவர் 7 நாளுக்குள் அங்கே தெரிவிக்க வேண்டும். அனுமதியில்லாமல் சொன்னதே குற்றம், 1000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். குற்றம்தானே, அப்படியானால் தலாக்கும் செல்லாது என்று நினைத்துவிடாதே, நிறைய பேர் சறுக்குவது இங்கேதான். பக்கத்து மாநிலமான சிலாங்கூரில், 2003இல் கொம்பாக் திமூர் நீதிமன்றம் எஸ்எம்எஸ்ஸில் வந்த தலாக்கையே செல்லும் என்றது.

இங்கே பின்பற்றுவது ஷாஃபி மத்ஹப், அதாவது ஷாஃபி இமாமின் சட்ட வழி. "தலாக்" மாதிரித் தெளிவான வார்த்தைக்கு நிய்யத், அதாவது மனசில் என்ன எண்ணம் என்று கேட்க மாட்டார்கள், விளையாட்டாகச் சொன்னாலும் விழும். புத்தி தடுமாறும் அளவு வெறி வேறு, சாதாரணக் கோபம் வேறு. "உங்க உம்மா வீட்டுக்கே போயிடு" என்பது போல மறைமுகமாகச் சொன்னால்தான் என்ன நினைத்துச் சொன்னார் என்று பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் துணையாக ஒரு தடவை போயிருந்தேன். அவள் புருஷன் சொன்னது "உன்னை விட்டுட்டேன்", அவ்வளவுதான். அதை மலாயில் 'செராய்' என்பதா 'திங்கால்' என்பதா, அதாவது விவாகரத்தா, விட்டுவிட்டுப் போனதா என்று மொழிபெயர்ப்பாளர் திணற, அந்த ஒரு சொல்லிலேயே அரை மணி நேரம் ஓடிவிட்டது. அதனால் மச்சான் வாயில் வந்ததை, எத்தனை தடவை, எத்தனை மணிக்கு, யார் கூட இருந்தார்கள் என்பதோடு அப்படியே தமிழில் எழுதி வை.

இந்தியாவில் 2019 சட்டப்படி ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது, ஆக அங்கே மனைவி, இங்கே இல்லை என்ற கூத்தும் நடக்கலாம். ஒரு தலாக்தான் என்று முடிவானால் இத்தா எனும் காத்திருப்புக் காலத்துக்குள் ருஜூ, அதாவது மனைவியைத் திரும்பச் சேர்த்துக்கொள்வது உண்டு, அதையும் வாயால் சொல்ல வேண்டும். முடிவு தெரியும்வரை தனி அறையில் படு, ஆனால் வீட்டைவிட்டுக் கிளம்பாதே, உன் செலவு அவர் பொறுப்பு.

மச்சான் வரமாட்டேன் என்றால் நீயே போய் மனு கொடுக்கலாம். நிக்காஹ் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் எடுத்து வை, வெள்ளிக்கிழமை எனக்கு லீவு, கூட வருகிறேன்.