லேண்டிங்ல விமானம் குதிச்சா?

கேள்வி: எம் பையன் பைலட் ட்ரெய்னிங்ல இருக்கானுங்க, செஸ்னா 172-ங்கற சின்ன விமானத்துல. போன வாரம் இறங்கறப்ப ரெண்டு தடவ குதிச்சு முன்சக்கரம் வளைஞ்சிருச்சாம். அவனுக்கு அடி ஒண்ணும் இல்லீங்க, ஆனா எனக்குத் தூக்கமே வரல. நிறுத்திரலாமா?
- ஒரு அம்மா, கொழிஞ்சாம்பாறை

பதில்: நிறுத்தாதீங்கம்மா. கத்துக்கறவங்களுக்கு அடிக்கடி நடக்குறதுதான் இது. ஸ்பீடு கூடுதலா வந்து முன்சக்கரம் முதல்ல தட்டுனா விமானம் எகிறும், பதட்டத்துல மூக்கைக் கீழ அமுக்குவாங்க, அடுத்த குதி இன்னும் மோசமாகி ப்ரொப்பெல்லரே ரன்வேல இடிச்சிரும். அமுக்கவே கூடாது, ஃபுல் பவர் குடுத்துத் திரும்ப மேல போயிரணும், அதுக்குப் பேர்தான் கோ அரவுண்ட். ஃப்ளாப் (இறக்கையோட பின்பக்கம் கீழ இறங்கற பலகை) இறக்கி 65 நாட், அதாவது மணிக்கு சுமார் 120 கிலோமீட்டர் பக்கம் ஸ்பீடைப் பிடிச்சு வந்தாலே பாதி பிரச்சனை தீர்ந்துரும். இன்ஸ்ட்ரக்டர் பக்கத்துல இருக்க நல்லாப் பழகட்டும், தனியா ஓட்டற சோலோவுக்கு மட்டும் அவசரப்படுத்தாதீங்க.