மாமனார் ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய குளோர்பைரிபாஸ் பூச்சிமருந்தை பெங்களூரு வாடகை வீட்டில் கரையானுக்கு நானே அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். பதில் அவ்வளவுதான். ஆனால் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை. பெங்களூரில் கரையானுக்கு மருந்து போடுவதுதான் என் பிழைப்பு. ஊர் வாணியம்பாடி பக்கம், இருப்பது ஸ்ரீராமபுரத்தில்.

உங்கள் நிலைமை எனக்குத் தெரிந்தவரை இதுதான்: கதவு நிலையில் மண்கோடு ஏறியிருக்கும், கம்பெனியில் கேட்டால் ஆயிரக்கணக்கில் சொல்லியிருப்பார்கள். மாமனாரிடம் நிலக்கடலைக்கு வாங்கியது பாதி பாட்டில் மிச்சம். "இதையே தண்ணியில கலந்து ஊத்துங்க மாப்ளே" என்றிருப்பார்.

அவர் சொன்னது முழுக்கத் தப்பு என்று நான் சொல்லவில்லை. இதே மருந்தை நாங்களும் பல வருஷம் ஊற்றியிருக்கிறோம். 20 சதவீத மருந்து ஒரு லிட்டருக்குத் தண்ணீர் 19 லிட்டர். சுவரும் தரையும் சேருமிடத்தில் அடிக்கு ஒரு துளை போட்டு, மண்ணுக்குள் இறக்கி, சிமெண்ட் வைத்து அடைத்துவிடுவோம். நீங்கள் செய்யப்போவது பூட்டிய வீட்டுக்குள் கதவிலும் அலமாரியிலும் தெளிப்பது. மூன்றாவது மாடியில் இருந்தால் உங்கள் தரைக்கடியில் மண்ணே கிடையாது. வீட்டுக்குள் இந்த மருந்தைப் பயன்படுத்துவதை அமெரிக்காவில் 2000-லேயே நிறுத்த முடிவெடுத்துவிட்டார்கள். இங்கே இதே வகையைச் சேர்ந்த, கரப்பானுக்கு அடித்துவந்த டைக்ளோர்வாஸுக்கு 2020 டிசம்பர் 31-லிருந்து தடை. இன்னும் பல வீடுகளில் "அந்தப் பழைய கரப்பான் மருந்து இல்லையா?" என்று கேட்கிறார்கள்.

இந்த வகை மருந்தைக் குடித்தால்தான் ஆபத்து என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தோல் வழியாகவே இறங்கும். அதிலும் தண்ணீர் கலக்காத மருந்தை அளந்து ஊற்றும் நேரம்தான் மோசம். எங்களோடு வேலை பார்க்கும் பையன் ஒருவனுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2024 கோடை. பெங்களூரில் தண்ணீர் இல்லாமல் எல்லா அபார்ட்மெண்ட்டும் டேங்கருக்குக் காத்துக் கிடந்த சமயம். பன்னேர்கட்டா ரோடு பக்கம் ஒரு அபார்ட்மெண்ட்டில் வேலை. நான் அன்று வேறு சைட்டில் இருந்தேன். பையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேனைச் சாய்க்கும்போது கை வழுக்கி, மருந்து தொடையில் ஊற்றிவிட்டது. பேண்ட் முழுக்க ஈரம். வீட்டம்மாவிடம் பாத்ரூம் கேட்டிருக்கிறான். "கீழே செக்யூரிட்டி டாய்லெட் இருக்கு, அங்க போப்பா" என்றிருக்கிறார்கள். அங்கே குழாயில் காற்றுதான் வந்தது. பேண்ட் உடம்பிலேயே காய்ந்தது. சாயங்காலம் வரை வேலை பார்த்துவிட்டு, அதோடு பஸ் பிடித்து ரூமுக்கு வந்து சேர்ந்தான். அப்போது நன்றாகத்தான் இருந்தான். இந்த மருந்து உடம்புக்குள் போய் மாறிய பிறகுதான் முழு வேலையைக் காட்டும், அதனால் தாமதமாகும்.

ராத்திரி வாந்தி. வேர்வை சட்டையை நனைத்தது, வாயில் எச்சில் நிற்கவில்லை, தொடைச் சதை தானாகத் துடித்தது. மற்றவர்கள் "வெயில்ல சுத்தினது, மோர் குடுங்க" என்றார்கள். நான் மொபைல் டார்ச்சைக் கண்ணில் அடித்துப் பார்த்தேன். கண்மணி கடுகு மாதிரி சுருங்கியிருந்தது. மோர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு துணியை உருவிப் போட்டு, சோப்புத் தண்ணீரில் தலையோடு தேய்த்துக் குளிப்பாட்டி, காலி கேனை கவரில் கட்டி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் கிளம்பினோம்.

அந்தக் கேன்தான் காப்பாற்றியது என்பேன். ஃபுட் பாய்சன் என்று எழுதத் தொடங்கிய டாக்டர் லேபிளைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டார். அட்ரோபின் என்ற விஷமுறிவு ஊசி, நெஞ்சில் சளி அடங்கும்வரை திரும்பத் திரும்பப் போட்டார்கள். கூடவே பிராலிடாக்ஸிம் என்ற இன்னொரு முறிவு மருந்து. நரம்பு அனுப்பும் சைகையை முடித்துவைக்க உடம்பில் ஒரு நொதி இருக்கிறதாம், மருந்து அதைக் கட்டிப்போட்டுவிடுவதால் சுரப்பியும் சதையும் நிற்காமல் ஓடுகின்றன, மூச்சுவிடும் தசை களைத்தால் ஆள் காலி என்று அவர்தான் விளக்கினார். விஷக் கேஸ் என்பதால் போலீஸும் வந்தது. "குடிச்சியா? வீட்ல சண்டையா?" அவன் பாவம், "கொட்டிடுச்சு சார்" என்று எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். பிழைத்துவிட்டான்.

டாக்டர்கள் யாராவது படித்தால் திருத்துங்கள், கோபப்படாதீர்கள். நான் பத்தாவதுதான். "கையுறை கூடப் போடத் தெரியாத ஆட்கள்" என்று எழுத வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: அவன் கையுறை போட்டிருந்தான். கொட்டியது தொடையில். 2017-ல் மகாராஷ்டிரா யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோதும் பழியை அடித்தவன் மேல்தான் போட்டார்கள்.

இந்தப் பாட்டிலைத் தொட்டே ஆகவேண்டும் என்றால், நைட்ரைல் கையுறை போடுங்கள், துணிக் கையுறை மருந்தைக் குடித்து உங்கள் தோலில் வைத்துக்கொண்டிருக்கும். துணி மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. மேலே பட்டால் அந்த நிமிஷமே துணியைக் கழற்றி சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். தோல் பெல்ட், தோல் செருப்பு ஊறியிருந்தால் தூக்கிப் போடுங்கள், எத்தனை கழுவினாலும் போகாது. துணியை வீட்டுத் துணியோடு துவைக்கக் கூடாது. யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மருந்தைக் கரைக்க அதில் கலந்திருக்கும் திரவம் (கரைப்பான்) நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸ் விஷத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117. மீன்தொட்டி இருக்கும் வீட்டில் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம்.

அப்புறம் இந்த வாசனை. இப்போது நாங்கள் கரையானுக்குப் பெரும்பாலும் இமிடாக்ளோப்ரிட் என்ற வேறு மருந்துதான் போடுகிறோம், வாசனையே இருக்காது. உடனே "வெறும் தண்ணிய ஊத்திட்டுப் போறீங்களா?" என்று கேட்கிறார்கள். பழைய மருந்தில் மூக்கில் ஏறுவது பெரும்பாலும் கரைப்பானின் நாற்றம், அது போனாலும் மருந்து அங்கேயேதான் இருக்கும். பையனைக் கீழே அனுப்பிய அந்த வீட்டம்மா என்ன செய்தார் தெரியுமா? மறுநாள் மிச்ச வேலைக்கு ஆள் வரவில்லை என்று ஆப்பில் இரண்டு ஸ்டார். சம்பளம் என்னிடம்தான் பிடித்தார்கள். குளோர்பைரிபாஸ் வகை மருந்தைக் கையாளும் தொழிலாளிக்கு ரத்தத்தில் டாக்டர் சொன்ன அந்த நொதியைச் சோதிக்க வேண்டும் என்று 1971 பூச்சிக்கொல்லி விதிகளிலேயே இருக்கிறது. நான் வேலை பார்த்த எந்தக் கம்பெனியும் ஒரு முறைகூட எனக்கு ரத்தம் எடுத்ததில்லை. ஸ்டாரை மட்டும் தினமும் எண்ணுகிறார்கள்.

சரி, உங்கள் பாட்டிலுக்கு வருகிறேன். சிங்க்கில் ஊற்றாதீர்கள், தண்ணீர் பாட்டிலுக்கு மாற்றாதீர்கள். மூடியை இறுக்கி, இரண்டு கவரில் கட்டி, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மாமனாரிடமே கொடுத்துவிடுங்கள். பஸ்ஸில் வேண்டாம், சொந்த வண்டி இருந்தால் டிக்கியில், சாப்பாட்டுப் பைக்குத் தள்ளி. கரையான் செலவை வீட்டு ஓனர்தான் ஏற்க வேண்டும் என்று கேளுங்கள். பத்து மாச அட்வான்ஸ் வாங்கி வைத்திருக்கிறாரே!