காரச் செடிக்குக் கவாத்து, குழந்தைக்கு அறை

கேள்வி: மனைவிக்கு இது ஐந்தாம் மாதம். முதல் குழந்தை. வீட்டில் மிச்சம் இருக்கும் ஒரே சின்ன அறையில், ஆறு பக்கெட்டுகளில் மண் இல்லாமல் ஊட்டக் கரைசலில் வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் முறையில் ஹபனேரோ, கரோலினா ரீப்பர் என்ற கடுங்கார மிளகாய்களை வளர்க்கிறேன். பக்கெட்டுக்கு மாற்றி இரண்டு மாதம் ஆகிறது, பூக்க ஆரம்பித்துவிட்டன. போன வாரம் இன்னும் பன்னிரண்டு விதை ஊறப்போட்டேன். அன்றிலிருந்து வீட்டில் முகம் கொடுத்துப் பேச்சில்லை. "குழந்தை வரப்போகும் வீட்டில் இதெல்லாம் எதற்கு, எடுத்துவிடுங்கள்" என்கிறாள். அவள் பயத்தில் நியாயம் இருக்கிறதா? இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள முடியாதா?
- பெயர் வேண்டாத வாசகர்

பதில்: தம்பி, முதலில் இரண்டு பேருக்கும் வாழ்த்துகள். அடுத்தது அந்த அறை. அது குழந்தைக்கு, அதில் பேச்சே வேண்டாம். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் விளக்கு எரிகிற, ஏர் பம்ப் ஓயாமல் முனகுகிற அறையில் கைக்குழந்தை தூங்காது. தூங்காத குழந்தையோடு நீங்களும் தூங்கப்போவதில்லை.

உங்கள் மனைவி பயப்படுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆறு பக்கெட் இருந்தபோது பொறுத்துக்கொண்டவர், பன்னிரண்டு விதை ஊறியதும்தானே பேச்சை நிறுத்தினார்? கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த வகை மிளகாய் முளைக்கவே இரண்டிலிருந்து நான்கு வாரம். நாற்று தேற ஆறு முதல் எட்டு வாரம். பக்கெட்டுக்குப் போனபின் பழுக்க மூன்று, நான்கு மாதம். ஆக, அந்தப் பன்னிரண்டும் பழுத்துக் குலுங்கும்போது உங்கள் பிள்ளைக்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ இருக்கும். அவருக்கு இது புரிந்துவிட்டது. உங்களுக்குத்தான் இன்னும் புரியவில்லை. முளைத்ததும் நாற்றுகளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஊறப்போடாமல் மீந்த விதையைக் காயவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் இரண்டு மூன்று வருடம் கெடாது.

இனி உண்மையிலேயே பயப்பட வேண்டியவை. நிற்கும் செடியால் ஒன்றும் இல்லை. கர்ப்பிணி அதன் பக்கத்தில் போகக்கூடாது என்பதெல்லாம் இல்லை. சாப்பாட்டில் வழக்கமாகச் சேர்க்கும் காரமும் வயிற்றுப் பிள்ளையைத் தொடாது. கடைசி மாதங்களில் நெஞ்செரிச்சல் கூடும், அவ்வளவுதான். ஆபத்து இருப்பது உங்கள் கையில், சொல்லப்போனால் விரல் நுனியில்.

காரத்துக்குக் காரணமான கேப்சைசின் விதையில் சுரப்பதில்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில் சுரக்கிறது. தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். நம் நரம்பில் சூட்டை உணரும் அதே வாங்கியைத்தான் இதுவும் தட்டி எழுப்புகிறது. அதைக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கரோலினா ரீப்பரின் சராசரி காரம் 16 லட்சம் ஸ்கோவில் அலகுக்கு மேல். ஹபனேரோ ஒன்று முதல் மூன்றரை லட்சம் வரை போகும். என் மூத்தவள் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது, ஹபனேரோ நறுக்கிவிட்டு இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கிக் கன்னத்தைத் துடைத்தேன். அவள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து நைட்ரைல் கையுறை இல்லாமல் நான் ஒரு பழம்கூடப் பறிப்பதில்லை. மீறிக் கையில் பட்டால் முதலில் சமையல் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவுங்கள். குழந்தையின் கண்ணில் பட்டால் எண்ணெய் கிண்ணெய் எல்லாம் கூடாது. சுத்தமான தண்ணீரை மெதுவாக ஊற்றி அலசிக்கொண்டே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

பறித்ததை வீட்டுக்குள் உலர்த்தாதீர்கள், வறுக்காதீர்கள். பெரியவர்களுக்கே நெடி தாங்காது. முழுப் பழமாகப் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் போதும்.

இதைவிடவும் யாரும் யோசிக்காத ஒன்று ஊட்டக் கரைசல். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பச்சிளங்குழந்தையின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போய் உடம்பு நீலம் பாரிப்பதைத் தடுக்க வைத்த அளவு அது. காய்க்கும் மிளகாய்க்கு நாம் கலக்கும் கரைசலில் நைட்ரேட் அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் இருக்கும். அதனால் கரைசல் அளக்கும் குவளை, கலக்கும் கரண்டி, கழுவும் ஸ்பாஞ்சு எதுவும் சமையலறைப் பக்கம் வரக்கூடாது. பாதி உறக்கத்தில் பாலுக்குத் தண்ணீர் அளக்கிற இரவுகள் வரப்போகின்றன. அப்போது கைக்கு எது அகப்படும் என்று நாம் சொல்ல முடியாது. பிஹெச்சை, அதாவது கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் அளவை, இறக்கும் அமிலமும் ஏற்றும் அல்கலியும் தோலையே அரிப்பவை. அவற்றைப் பூட்டி வையுங்கள், குடிதண்ணீர் பாட்டிலில் ஒருநாளும் ஊற்றி வைக்காதீர்கள்.

சரி, ஆறு செடிகளை என்ன செய்வது? பிடுங்க வேண்டாம். இப்போது பூத்திருப்பவை ஏழாம் மாதவாக்கில் பழுக்கத் தொடங்கும். அதுவரை பிஹெச் 5.8-லிருந்து 6.3-க்குள், இசி (கரைசலில் உரம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் மின்கடத்து அளவு) 2-ஐ ஒட்டி, கரைசலின் சூடு 22 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். சூடேறினால் வேர் அழுகும். அறையை மட்டும் இப்போதே காலி செய்யுங்கள். கதவைப் பூட்டக்கூடிய வேறு மூலை எதுவானாலும் சரி. பக்கெட்டைத் தூக்கும் வேலை உங்களுடையது, மனைவியை உதவிக்குக் கூப்பிடாதீர்கள்.

மிளகாயை ஒரு பருவச் செடி என்றே பலரும் நினைக்கிறார்கள். அது பல ஆண்டு நிற்கும் செடி. 36-வது வாரத்தில், ஆஸ்பத்திரிப் பையை எடுத்து வைக்கும் அதே வாரத்தில், மிச்சப் பழத்தைப் பறித்துவிட்டு நல்ல செடிகள் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தண்டை ஒரு சாண் உயரத்துக்கு, நாலைந்து கணு மிஞ்சும்படி கவாத்து செய்யுங்கள். இலைகளைக் கிள்ளி, அசுவினிப் பூச்சி ஒட்டியிருந்தால் கழுவி, வேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, ஈரமான தென்னைநார்த் தூள் நிரப்பிய சின்னத் தொட்டியில் நட்டுவிடுங்கள். பம்ப் வேண்டாம், பெரிய விளக்கும் வேண்டாம். மங்கலான வெளிச்சமும் குளுமையும் உள்ள இடத்தில் வைத்து, வாரம் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் அரைவீரியக் கரைசலைக் கொஞ்சம் ஊற்றுங்கள். மாதக்கணக்கில் சும்மா இருக்கும். காய்க்கும் செடி பக்கெட்டில் நின்றால் தினமும் குடிக்கும், தினமும் பிஹெச் நகரும். பிரசவத்துக்குப் போய் மூன்று நாள் கழித்து வந்தால் வாடி நிற்கும். இந்தக் குச்சிக்கு அந்தப் பாடில்லை.

மறுபடி எப்போது தொடங்கலாம்? குழந்தை இரவில் ஓரளவு தூங்கப் பழகியபின் ஒரு செடியை வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் ஏழெட்டு மாதத்தில் தவழ ஆரம்பித்துவிடும். தவழும் குழந்தைக்குச் சிவப்பாகத் தொங்குவதெல்லாம் வாயில் போடத்தான். எழுந்து நிற்கப் பழகியதும் பக்கெட்டைப் பிடித்து எட்டிப் பார்க்கும், தலை கனத்து உள்ளே விழும். நாலு விரல் ஆழத் தண்ணீரே உயிருக்கு ஆபத்து. மூடி இறுகப் பூட்டியதாக இருக்கட்டும். மின்சார வயர்கள் எட்டாத உயரத்தில் போகட்டும், பிளக்குக்குக் கசிவு மின்சாரம் கண்டால் துண்டிக்கும் சுவிட்ச் இருக்கட்டும். இதெல்லாம் தொல்லை என்று தோன்றினால் இரண்டு வருடம் ஹபனாடா வளர்க்கலாம். ஹபனேரோவின் மணம் அப்படியே இருக்கும், காரம் இருக்காது. ரீப்பர் பிரியர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இந்தப் பதிலை மனைவியிடம் நீட்டி "பார், எடுக்க வேண்டாம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் அறையைக் காலி செய்யுங்கள், பிறகு பேசுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. கவாத்து செய்யும்முன் தொட்டிகளில் பெயர் எழுதி ஒட்டுங்கள். இலை போனபின் ஹபனேரோவும் ரீப்பரும் ஒரே குச்சிதான்.