வெள்ளி மரக்கறி, மற்ற நாள் மீன்: பலெர்மோவில் என்ன கேட்டு வாங்குவது?

கேள்வி: நாங்கள் பரந்தன். அண்ணா குடும்பம் இத்தாலியில், பலெர்மோவில் இருக்கிறது. அடுத்த மாதம் நானும் கணவரும் போகிறோம். அண்ணாவும் அண்ணியும் வேலைக்குப் போய்விடுவார்கள், அதனால் பல நாள் வெளியில்தான் சாப்பாடு. பக்கத்தில் சின்னக் குடும்ப உணவகம் ஒன்று இருக்கிறதாம். மாடு, பன்றி தொடமாட்டோம். வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும், முட்டையும் இல்லை. எப்படி ஓடர் பண்ணுவது? பில் எப்படி வரும்?

பதில்: பயப்பட ஒன்றுமில்லை தங்கச்சி. எங்கடை ஆட்கள் அந்த ஊரில் பல காலமாக இருக்கிறார்கள், கடைக்காரருக்கு உங்கள் முகம் புதிதாக இராது.

மெனுவில் ஆன்திபாஸ்தி, ப்ரீமி, செக்கொந்தி, கொந்தோர்னி என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். முதலாவது முன்தீனி, அடுத்தது பாஸ்தா வகை, பிறகு இறைச்சி அல்லது மீன், கடைசியில் மரக்கறி. எல்லாவற்றிலும் ஒவ்வொன்று எடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஆளுக்கொரு பாஸ்தாவும் நடுவில் ஒரு மரக்கறியும் தாராளம்.

பன்றி பெயரில் தெரியாது, அதுதான் சிக்கல். கார்பொனாரா, அமாத்ரிச்சானா இரண்டிலும் பன்றிக் கன்னத்து இறைச்சி. ரகூ என்றால் பெரும்பாலும் மாடு, பன்றி, அல்லது இரண்டும். "சென்சா மயாலே, சென்சா மான்சோ" என்று சொல்லுங்கள். பன்றி, மாடு இல்லாமல் என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமைக்குத்தான் கூடக் கவனம் வேண்டும். தக்லியத்தெல்லே, லசான்யா போன்றவற்றின் மாவில் வழக்கமாக முட்டை இருக்கும். காய்ந்த ஸ்பகெத்தி கோதுமை ரவையும் தண்ணீரும்தான், அதைக் கேளுங்கள். அதிலும் 'நோர்மா' என்றால் தக்காளி, பொரித்த கத்தரிக்காய், துளசி வகை இலை. உங்கள் வாய்க்கு உடனே பிடிக்கும். மேலே தூவும் சீஸ் வேண்டாம் என்பதற்கு "சென்சா ஃபொர்மாஜோ". இது சும்மா சொல்லவில்லை: பார்மிஜானோ சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பையில் எடுக்கும் நொதியால் உறைய வைப்பது. இன்னொன்று, பலெர்மோக்காரரின் கோலிஃபிளவர் பாஸ்தா பார்க்க முழு மரக்கறி, ஆனால் உள்ளே நெத்தலி கரைந்து கிடக்கும். "அச்சூகே இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டே எடுங்கள். கத்தரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாகச் செய்யும் கப்பொனாத்தாவை நான் இரண்டு தட்டு சாப்பிடுவேன்.

மற்ற நாளில் மீன் எடுப்பீர்கள். முல்லைத்தீவுக் கடற்கரையில் மீன் வாங்கிய கண் உங்களுக்கு இருக்கும், மீனைக் காட்டச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள். ஆனால் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் 'எத்தோ' என்று இருந்தால் அது 100 கிராமுக்கான விலை. 6 யூரோ என்று போட்ட மீன் 700 கிராம் நிறுத்தால் 42 யூரோ. சமைக்கமுன் நிறுத்து மொத்தத்தைச் சொல்லச் சொல்லுங்கள். அங்கே அது கௌரவக் குறைச்சல் இல்லை.

உறைப்பு போதாது என்றால் "பெப்பெரொன்சீனோ" கேளுங்கள், செத்தல் மிளகாய் வரும். தண்ணீர் போத்தலில் வரும், அதற்கும் காசு. காஸ் இல்லாததற்கு "நத்துராலே".

நேரமும் முக்கியம். பின்னேரம் 3 மணிக்குப் பிறகு அடுப்பு அணைந்துவிடும், இரவுச் சாப்பாடு ஏழரை எட்டுக்கு முன் கிடைப்பது கஷ்டம். எங்கடை வழக்கப்படி ஆறரைக்குப் போனால் மூடிய கதவுதான்.

பில்லில் 'கோப்பெர்த்தோ' என்று ஆளுக்கு 1 முதல் 3 யூரோ வரை இருக்கும். மேசைக்கும் பாணுக்குமான கட்டணம் அது, ஏமாற்று இல்லை, மெனுவில் எழுதியிருக்கும். டிப்ஸ் கட்டாயமில்லை, மனமிருந்தால் சில்லறையை விடலாம். சாப்பிட்டு முடித்ததும் பில் தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள். எழுப்பி விடுவது மரியாதைக்குறைவு என்று அவர்கள் பேசாமல் இருப்பார்கள். "இல் கொந்தோ" என்று கேட்டால்தான் கொண்டுவருவார்கள்.