சிடி போனால் விண்டோஸும் போய்விடுமா?

கேள்வி: 2016-ல் பாண்டிச்சேரியில் வாங்கிய லேப்டாப், விண்டோஸ் 10 போட்டே வந்தது. இப்போது ஆன் செய்தால் கம்பெனி பெயர் வருகிறது, வட்டம் சுற்றுகிறது, அதோடு நின்றுவிடுகிறது. கூட வந்த சிடி, பில் எல்லாம் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் நனைந்து வீணாகிவிட்டன. சர்வீஸ் கடையில் "ஒரிஜினல் சிடி இல்லையென்றால் புது லைசென்ஸ் வாங்கணும், இல்லாவிட்டால் நாங்களே ஒரு விண்டோஸ் போட்டுத் தருகிறோம், உள்ளே இருப்பது அழிந்துவிடும்" என்கிறார்கள். மகளின் கல்யாணப் படங்கள் அதில்தான் இருக்கின்றன. என்ன செய்வது?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: முதலில் படங்களைக் காப்பாற்றுங்கள், விண்டோஸ் அப்புறம். விண்டோஸ் எழும்பவில்லை என்பதால் படங்கள் போய்விட்டதாக அர்த்தமில்லை, பெரும்பாலும் அவை ஹார்டு டிஸ்க்கில் அப்படியே இருக்கும். வேறொரு கம்ப்யூட்டரில் உபுண்டு என்ற, விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளத்தை இலவசமாக இறக்கி, ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளால் பென் டிரைவில் ஏற்றுங்கள். அதைச் செருகி லேப்டாப்பை ஆன் செய்து, எதிலிருந்து எழும்புவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள் (ஹெச்பியில் எஃப்9, டெல், லெனோவோவில் எஃப்12, ஆசுஸில் எஸ்கேப்). 'ட்ரை உபுண்டு' என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தால் எதுவும் அழியாது, ஹார்டு டிஸ்க்கைத் திறந்து படங்களை வெளி டிஸ்க்கில் காப்பி செய்துகொள்ளலாம். டிஸ்க் பூட்டியிருப்பதாகச் சொல்லி 48 இலக்க எண் கேட்டால் பயப்படாதீர்கள், அது பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் வேறொரு கருவியிலிருந்து நுழைந்து பார்த்தால் அந்த எண் பெரும்பாலும் அங்கே இருக்கும். காப்பி செய்யும்போது டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அது டிஸ்க்கே பழுதாவதன் அறிகுறி, அதற்குமேல் டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

இனி லைசென்ஸ். கடைக்காரர் சொன்னதில் எனக்குக் கோபமே வருகிறது, ஏனென்றால் நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய பொருளை மறுபடி வாங்கச் சொல்கிறார். 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்களில் லைசென்ஸ் எண்ணை மதர்போர்டு சிப்பிலேயே பதித்து அனுப்புகிறார்கள். நனைந்துபோன அந்த சிடி அநேகமாக வைஃபை, ஸ்பீக்கர் போன்றவற்றை இயக்கும் வெறும் டிரைவர் சிடியாகத்தான் இருக்கும், அது போனதால் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

சிடி இல்லாமலே செய்ய இரண்டு வழி உண்டு. கம்பெனி பெயர் தெரியும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள், இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் நீலத் திரை ஒன்று வரும். அதில் 'டிரபிள்ஷூட்', பிறகு 'ரீசெட் திஸ் பிசி'. 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தால் சொந்த ஃபைல்கள் தங்கும், ஆனால் டாலி, தமிழ் டைப்பிங் மென்பொருள் போல நீங்கள் போட்டுக்கொண்டவை போய்விடும்.

அது சரிப்படவில்லை என்றால் பென் டிரைவ்தான். மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே 'மீடியா கிரியேஷன் டூல்' இலவசமாகக் கிடைக்கிறது, குறைந்தது 8 ஜிபி பென் டிரைவ் வேண்டும், அதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். பல ஜிபி இறங்க வேண்டியிருப்பதால் தினம் ஒன்றரை ஜிபி திட்டம் உள்ள போன் போதாது, பிராட்பேண்ட் இருக்கும் வீட்டில் செய்யுங்கள். இன்ஸ்டால் ஆகும்போது மதர்போர்டில் உள்ள எண்ணை அதுவே படித்துக்கொள்ளும். கேட்டால் 'ஐ டோன்ட் ஹேவ் எ பிராடக்ட் கீ' கொடுத்துவிட்டு, முன்பிருந்த அதே வகையை, ஹோம் என்றால் ஹோமையே, தேர்ந்தெடுங்கள். நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். வைஃபை வேலை செய்யாவிட்டால் போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து நெட் கொடுங்கள், விண்டோஸ் அப்டேட் டிரைவர்களை இழுத்துக்கொள்ளும்.

கடைக்காரர் "நாங்களே ஒரு விண்டோஸ் போட்டுத் தருகிறோம்" என்றால் பெரும்பாலும் லைசென்ஸ் இல்லாத கிராக் காப்பிதான். அதை ஆக்டிவேட் செய்ய ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள், உள்ளே என்ன நுழைகிறது என்று யாருக்கும் தெரியாது. பேங்க் கணக்கு பார்க்கும் லேப்டாப்பில் அதை ஏற்றவே கூடாது. இன்னொன்று, விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. 2016 லேப்டாப்கள் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்கும் தகுதிப் பட்டியலில் வராது. ஆகவே படம் பார்க்க, டைப் அடிக்க வைத்துக்கொள்ளுங்கள், பண விஷயத்தை வேறு கருவியில் செய்யுங்கள்.

கேள்வி: பள்ளியில் அரசு கொடுத்த பழைய லேப்டாப், விண்டோஸ் 7. அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் எண் அழிந்துவிட்டது. மறுபடி விண்டோஸ் 7 போட வழி உண்டா?
- வாசகர், பண்ருட்டி

பதில்: அதைத் தேடி அலையாதீர்கள். அந்தக் காலத்து லேப்டாப்புக்கு அந்த ஸ்டிக்கர் எண்தான் ஆதாரம், எண் போனால் மீட்பது கஷ்டம். மீட்டாலும் 2020 ஜனவரி 14-லேயே விண்டோஸ் 7-க்கு அப்டேட் நின்றுவிட்டது. லினக்ஸ் போடுங்கள் (மேலே சொன்ன உபுண்டுவும் அதில் ஒரு வகைதான்), லைசென்ஸ் கேட்காது. ராம் 2 ஜிபி என்றால் லுபுண்டு, 4 ஜிபி இருந்தால் லினக்ஸ் மின்ட். டைப் அடிக்க, கணக்குப் போட உதவும் லிப்ரே ஆபீஸ் இலவசம், தமிழ்99 விசைப்பலகையும் செட்டிங்ஸில் சேர்த்துக்கொள்ளலாம். பென் டிரைவில் ஏற்றும் முறை மேலே சொன்னதுதான். ஆனால் 'ட்ரை' என்பதில் ஒரு நாள் ஓட்டிப் பார்த்து, வைஃபையும் ஸ்பீக்கரும் வேலை செய்கின்றனவா என்று உறுதி செய்துகொண்ட பிறகு இன்ஸ்டால் கொடுங்கள்.