லீஜ் மேட்டில் யார் கை ஓங்கும்? வாசகர் கேள்வியும் பதிலும்

பெல்ஜியத்தில் ஏப்ரல் கடைசி வாக்கில் ஒரு ஞாயிறன்று நடக்கும் லீஜ்–பஸ்தோன்–லீஜ் ஒருநாள் சைக்கிள் பந்தயத்தைப் பற்றியும், அதில் யார் ஜெயிப்பார் என்று கணித்துப் பட்டியல் போடுவதைப் பற்றியும் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். 1892-ல் தொடங்கிய பந்தயம் அது, பெரிய ஒருநாள் பந்தயங்கள் ஐந்தில் மூத்தது. அந்த நாலு வரிக்கு நம் வேலூர்ப் பக்கத்திலிருந்து இத்தனை கடிதம் வந்ததில் மனசு நிறைந்துவிட்டது. வந்ததில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சார், பொகாச்சர்தான் ஜெயிப்பார் என்று சின்னப் பையன்கூடச் சொல்கிறான். அப்புறம் கணிக்க என்ன இருக்கிறது?
- காட்பாடி வாசகர்

நியாயமான கேள்வி. ஸ்லோவேனியாக்காரரான ததேய் பொகாச்சர் 2021, 2024, 2025 என்று மூன்று முறை இந்தப் பந்தயத்தை ஜெயித்திருக்கிறார். கடைசி இரண்டு முறையும் லா ரெடூத் என்ற ஒரே மேட்டில், முடிவுக்கோட்டுக்கு இன்னும் 34 கிலோமீட்டர் சொச்சம் இருக்கும்போதே கிளம்பித் தன்னந்தனியாக வந்து சேர்ந்தார். எங்கே கிளம்புவார் என்று எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் யாராலும் பின்னால் ஒட்ட முடியவில்லை.

ஆனால் அதே 2025-ல், லீஜுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, நெதர்லாந்தின் ஆம்ஸ்டெல் கோல்ட் ரேஸில் இதே போலத் தனியாகப் போனவரை பெல்ஜியத்தின் ரெம்கோ எவெனபூலும் டென்மார்க்கின் மத்தியாஸ் ஷெல்மோஸும் சேர்ந்து துரத்திப் பிடித்தார்கள். கடைசியில் கோட்டை முதலில் தொட்டது ஷெல்மோஸ். 2023-ல் நடந்தது இன்னும் கொடுமை. ஆம்ஸ்டெல், பெல்ஜியத்தின் ஃப்ளேஷ் வலோன் என்ற இரண்டு ஒருநாள் பந்தயங்களையும் வரிசையாக ஜெயித்த கையோடு லீஜுக்கு வந்த பொகாச்சர், பாதி தூரம்கூடப் போகாமல் விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்து வெளியேறினார். அன்று ஜெயித்தது எவெனபூல். அதனால் முதல் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடாதீர்கள், இரண்டாவது மூன்றாவது பெயரை எழுதும்போதுதான் ஒருவர் பந்தயத்தைப் புரிந்து பார்க்கிறாரா என்று தெரியும்.

நான் எப்போதும் பாதையைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிப்பேன். 1992 முதல் 2018 வரை இந்தப் பந்தயம் ஆன்ஸ் என்ற இடத்தில், ஏற்றத்தில் முடிந்தது. பொறுமையாகக் கூட்டத்துக்குள் ஒளிந்திருந்து கடைசி ஏற்றத்தில் பாய்கிறவர்களுக்கு அது அல்வா மாதிரி. ஸ்பெயினின் அலெஹாந்த்ரோ வல்வெர்தே நாலு முறை ஜெயித்ததும் அந்த முடிவில்தான். 2019-லிருந்து முடிவு லீஜ் நகரத்துக்குள், சமதரையில். கடைசிப் பெரிய மேடான ரோஷ்-ஓ-ஃபோகோனுக்குப் பிறகு 13 கிலோமீட்டர் வாக்கில் பாக்கி இருக்கும். எனவே இப்போது இரண்டு விதமான ஆட்களுக்குத்தான் வாய்ப்பு: தூரத்திலேயே பிய்த்துக்கொண்டு தனியாகப் போகத் திராணி உள்ளவர், இல்லையென்றால் மேடுகளில் ஒட்டிக்கொண்டே வந்து நாலைந்து பேராகச் சேரும்போது வேகத்தில் மிஞ்சக்கூடியவர். 2020-ல் அப்படி ஐந்து பேர் சேர்ந்து வந்ததில் பிரான்சின் ஜூலியன் அலாஃபிலிப் ஜெயித்துவிட்டதாக நினைத்துக் கோட்டுக்கு முன்பே கையைத் தூக்கினார். பக்கத்தில் ஸ்லோவேனியாவின் பிரிமோஸ் ரொக்ளிச் கடைசி மிதியில் சைக்கிளை முன்னே தள்ளி டயர் அகலத்தில் பறித்துக்கொண்டார். அதற்கு முன்பு மற்றவர்களின் குறுக்கே வந்ததற்காக அலாஃபிலிப் ஐந்தாம் இடத்துக்கே தள்ளப்பட்டார்.

அண்ணா, என் நண்பன் ஏலகிரியை எங்கள் செட்டிலேயே வேகமாக ஏறுகிறான். லீஜ் மேடெல்லாம் ஒன்றரை கிலோமீட்டர்தானாம். அதில் என்ன அவ்வளவு கஷ்டம்?
- ஜோலார்பேட்டை கல்லூரி மாணவர்

தம்பி, உன் நண்பனைக் குறை சொல்லவில்லை, பதினாலு கொண்டை ஊசி வளைவையும் நிற்காமல் ஏறுவது சாதாரணமில்லை. ஆனால் ஏலகிரி ஒரு விதம், லீஜ் வேறு விதம். ஏலகிரி நீளமான, ஒரே சீரான ஏற்றம், ஒரு தாளம் பிடித்துக்கொண்டால் மேலே போய்விடலாம். லா ரெடூத் ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், சராசரியே 9 சதவீதத்தைத் தாண்டும். அதாவது நூறு மீட்டர் முன்னே போவதற்குள் ஒன்பது மீட்டர் உயரம். ரோஷ்-ஓ-ஃபோகோன் 1.3 கிலோமீட்டர், சராசரி 11 சதவீதம். நாலைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் மேடுதான், ஆனால் அந்த நாலைந்து நிமிஷமும் நுரையீரல் கிழிகிற மாதிரி மிதிக்க வேண்டும்.

அதையும் எப்போது? 220 கிலோமீட்டர் ஓட்டிய காலோடு. மொத்தம் 250 கிலோமீட்டருக்கு மேல், கூட்டினால் 4,000 மீட்டருக்கு மேல் ஏற்றம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், விடியற்காலை வேலூர்க் கோட்டை வாசலில் கிளம்பி, ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஏலகிரி அடிவாரப் பொன்னேரி வந்து, ஏலகிரியை ஐந்தாறு முறை ஏறி இறங்கி, அதன் பிறகு ஒருவனோடு போட்டி போட்டு முந்த வேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை மலையடிவாரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். நீலச் சட்டை போட்ட ஒரு பையன் காரில் சைக்கிளைக் கொண்டுவந்து இறக்கி, முதல் வளைவிலிருந்தே நின்று மிதித்துப் பறந்தான். பின்னாலேயே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், வேலூரிலிருந்தே ஓட்டி வந்தவர், முதுகில் உப்பு வெள்ளைக் கோடாகப் பூத்திருந்தது, உட்கார்ந்தபடியே ஏறினார். வண்டியில் பின்தொடர்ந்து போனேன். ஒன்பதாவது வளைவில் பையனின் தோள் இடதும் வலதுமாக ஆட ஆரம்பித்தது, ஏற்றத்தின் நடுவில் அழுத்திக்கொண்டே கியரை மாற்றப் போய் செயின் 'டக்'கென்று கழன்றது. அவர் நின்று அந்தப் பையனுக்குச் செயினை மாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் மேலே போனார். கடைசி வளைவு வரைக்கும் அவர் தோள் அசையவில்லை.

டிவியில் பார்க்கும்போதும் அந்தத் தோளைத்தான் பார்க்க வேண்டும். வாய் எல்லாருக்கும்தான் திறந்திருக்கும். தோள் ஆடுகிறவர், இடுப்பைச் சீட்டில் முன்னும் பின்னும் நகர்த்துகிறவர், மேட்டுக்கு முன்னால் நாற்பதாவது ஐம்பதாவது இடத்தில் சிக்கிக்கொண்டவர், இவர்கள் பெயரை அங்கேயே அடித்துவிடலாம். சின்ன ரோடு, வளைந்து ஏறும். பின்னால் மாட்டிக்கொண்டால் முன்னால் வருவதற்கே பாதிச் சக்தி போய்விடும். அதற்காகத்தான் பெரிய அணிகள் லா ரெடூத் வருவதற்குள் தங்கள் தலைவரைக் காற்றிலிருந்து மறைத்து முன்னுக்குக் கொண்டுவந்து விடுகின்றன. பட்டியல் போடும்போது ஒருவருக்குத் துணையாக எத்தனை நல்ல ஆட்கள் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்.

இதில் பணம் கட்டலாமா?
- ராணிப்பேட்டை வாசகர்

வேண்டாம். ஒரு பள்ளம், ஒரு பஞ்சர் போதும், கணக்கு தலைகீழாகிவிடும். நண்பர்களோடு ஒரு பிளேட் பிரியாணிக்கு மேல் போகாதீர்கள்.

வெயில், மழை எல்லாம் கணிப்பை மாற்றுமா? நாங்கள் கத்திரி வெயிலில் மிதிக்கிறவர்கள்!
- குடியாத்தம் வாசகர்

நிறையவே மாற்றும். ஏப்ரலில் நமக்கு ரோடு கொதிக்கும், அங்கே ஆர்டென் மலைப் பக்கம் பனியே விழும். 1980-ல் அப்படித்தான் கொட்டியது. 21 பேர் மட்டுமே முடித்தார்கள். பிரான்சின் பெர்னார் இனோ ஒன்பது நிமிஷத்துக்கு மேல் முன்னால் வந்து ஜெயித்தார், குளிரில் போன விரல் உணர்ச்சி அவருக்கு முழுசாகத் திரும்பவே இல்லை. 2024 ஃப்ளேஷ் வலோனிலும் மழையும் குளிரும் சேர்ந்து பெரிய பெரிய பெயர்களைப் பாதியில் இறக்கிவிட, பலர் பட்டியலில் வைத்திருக்காத வேல்ஸ் வீரர் ஸ்டீஃபன் வில்லியம்ஸ் ஜெயித்தார். ஆகவே வெள்ளிக்கிழமையே பட்டியலை முடித்துவிடாமல் சனிக்கிழமை இரவு லீஜின் வானிலையைப் பார்த்துவிட்டு முடியுங்கள். ஒல்லியான உடம்பு மேட்டில் வரம், குளிர்மழையில் அதுவே பாரம்.

பெண்கள் பந்தயத்தைப் பற்றி ஏன் எழுதுவதில்லை?
- ஆம்பூரிலிருந்து ஒரு வாசகி

எழுதாதது என் தப்புத்தான் அம்மா. பெண்களுக்கு 2017-லிருந்து நடக்கிறது, பஸ்தோனில் கிளம்பி லீஜில் முடிகிறது, லா ரெடூத்தும் ரோஷ்-ஓ-ஃபோகோனும் அவர்களுக்கும் உண்டு. கணிப்பதற்கு எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும், ஏனென்றால் ஒரே ஆள் அள்ளிக்கொண்டு போவதில்லை. 2025-ல் ஜெயித்தது மொரீஷியஸ் தீவின் கிம் லெ கோர். நெதர்லாந்தின் டெமி வொல்லரிங் போன்ற பெரிய பெயர்களோடு சேர்ந்து வந்து கடைசி வேகத்தில் அவர்களை முந்தினார். இந்த ஐந்து பெரிய பந்தயங்களில் ஒன்றை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒருவர் ஜெயித்தது அதுதான் முதல் முறை. கோட்டைத் தாண்டியதும் அவர் அழுததைப் பார்த்து நானும் கண் கலங்கினேன்.

சுற்றி வளைக்காமல் பெயரைச் சொல்லுங்கள் சார். 2026-ல் யார்?
- சத்துவாச்சாரி வாசகர்

சரி, சொல்கிறேன். முதலில் பொகாச்சர், அதில் பேச்சே இல்லை. 2025 உலகப் போட்டி ருவாண்டாவின் கிகாலியில் நடந்தபோது 30 பேர் மட்டுமே முடித்த பாதையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் பாக்கி இருக்கையிலேயே அடித்துக் கிளம்பி ஜெயித்தவர் அவர். அடுத்து எவெனபூல். 2022, 2023 இரண்டையும் ஜெயித்தவர், தனியாக ஓட்டும் வேகத்தில் அவருக்கு நிகர் குறைவு, இப்போது அணியும் மாறியிருக்கிறார். மூன்றாவதாக அயர்லாந்தின் பென் ஹீலி. 2025 லீஜிலும் மூன்றாவது, கிகாலியிலும் மூன்றாவது, நீண்ட தூரம் போகப் போகத்தான் அவர் கால் பேசும். நாலாவதாக 2023-ல் இரண்டாம் இடம் வந்த பிரிட்டனின் டாம் பிட்காக், கூட்டமாக வந்தால் அவருக்கு நல்லது. எல்லாரும் விட்டுவிடக்கூடிய ஒரு பெயர்: பிரான்சின் போல் செக்ஸாஸ். 19 வயதுதான், ஆனால் 2025 ஐரோப்பியப் போட்டியில் பொகாச்சருக்கும் எவெனபூலுக்கும் அடுத்து நின்றவர் அந்தப் பையன்தான்.

இதில் யார் யார் உண்மையில் களத்தில் இறங்குகிறார்கள் என்று கடைசி வாரப் பட்டியலைப் பார்த்துவிட்டு உங்கள் ஐந்து பெயரை எனக்கு எழுதி அனுப்புங்கள். அன்றைக்கு நம் நேரத்துக்கும் அவர்கள் நேரத்துக்கும் மூன்றரை மணி வித்தியாசம். சாயங்காலம் ஆறரைக்கு டிவி முன்னால் உட்கார்ந்தால் லா ரெடூத் தப்பாது, எட்டு மணி வாக்கில் முடிவு தெரிந்துவிடும்.