ஏழாவது குழி

அன்புள்ள அம்மா,

கோவையில் ஒரு சிறிய வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கல்குவாரிக்கான வெடிமருந்துக் கிடங்கின் இரும்புக் கதவு, வெளியே வெடி வெடித்தால் தாங்குமா என்று கணினியில் பார்த்துச் சொல்ல வேண்டும். பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் எல்எஸ்-டைனா மென்பொருளில் செய்கிறேன். கதவுக்குப் பின்னால் உள்ள நுரைப் பட்டையில் 'நெகட்டிவ் வால்யூம்' என்ற பிழை வந்து, பல மணி நேரம் ஓடியபின் பாதியில் நின்றுவிடும். இணையத்தில் தேடி, கெட்டுப்போகும் துண்டுகளை அழித்துவிட்டு மேலே ஓடும் வசதியை இயக்கினேன். அந்தச் சமயத்தில் இன்னும் சில எண்களையும் மாற்றினேன், எவை என்று நினைவில்லை. இப்போது இருபதே நிமிடத்தில் முடிகிறது. கதவு கிட்டத்தட்ட அசையவே இல்லை. மேலாளருக்கு மகிழ்ச்சி, எனக்குத்தான் உறுத்துகிறது. துண்டுகள் நெளிவதைத் தடுக்கும் அவர்கிளாஸ் குணகத்துக்கு எந்த எண் சரி? இதை முறையாகக் கற்க எதைப் படிக்கலாம்? பெங்களூருக்குப் போய்விடலாமா? தமிழ் வழியில் படித்ததால்தான் எனக்கு இது பிடிபடவில்லையா? ஓட்டத்தின் அறிக்கையை இணைத்திருக்கிறேன்.

ச., பீளமேடு

*

அன்புள்ள ச.,

பெங்களூருக்குப் போவதும் போகாததும் உங்கள் வீட்டில் பேசி முடிக்க வேண்டிய காரியம். அதில் எனக்கு வேலை இல்லை. தமிழ் வழிப் புலம்பலை மூட்டை கட்டி வையுங்கள். கான்வென்டில் படித்து, மேல்படிப்பை வெளிநாட்டில் முடித்து வந்தவர்களும் இதே நெகட்டிவ் வால்யூமில் முட்டிக்கொண்டு நிற்பதைப் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்தவள் நான்.

என்னை உட்கார்ந்து பதில் எழுத வைத்தது வேறு ஒரு வரி. 'இன்னும் சில எண்களையும் மாற்றினேன், எவை என்று நினைவில்லை.' போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். சென்ற மாதம் ஈரோடு பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மாணவர்களின் செயல்திட்டங்களைப் பார்க்க அழைத்திருந்தார்கள். மோதும் கார், கவிழும் பஸ், துளைக்கும் குண்டு என எல்லாம் திரையில் சிவப்பும் நீலமுமாக நசுங்கிக்கொண்டிருந்தன. கரூர் பக்கத்துப் பிள்ளைகள் பஸ் கூடு கட்டும் பட்டறைகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அல்லவா, கம்பி கம்பியாக அழகாகவே கட்டியிருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஆற்றல் வரைபடத்தைக் காட்டச் சொன்னேன். ஒரு பெண் மட்டும் மடிக்கணினியில் தேடத் தொடங்கினாள். மற்றவர்கள் எல்லோரும், "பிழை எதுவும் வராமல் முடிந்துவிட்டது மேடம்" என்றார்கள். அந்தப் பதில் மனதில் குடைந்துகொண்டிருக்கும்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

உங்கள் பிழை என்ன சொன்னது என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா? எட்டு மூலை கொண்ட கட்டி வடிவத் துண்டு அது. கதவு பின்னால் வந்து நசுக்க நசுக்க, ஒரு பக்கத்து மூலை எதிர்ப்பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. துண்டு உள்ளும் புறமுமாகப் புரண்டு, கன அளவு கழித்தல் எண்ணாகிறது. அப்படி ஒரு பொருள் உலகத்தில் கிடையாது, அதனால் நிரல் நின்றுவிடுகிறது. உண்மையான நுரையில் காற்றறைகள் எல்லாம் மூடிக்கொண்டபின் அது கட்டையாக இறுகிவிடும். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு நசுங்கும் என்று நீங்கள் கொடுத்த தகைவு-திரிபு வளைவு அந்த இறுக்கம் தொடங்கும் முன்பே முடிந்திருக்கும். அதற்கு அப்பால் என்ன நடக்கும் என்று நீங்கள் சொல்லவில்லை என்பதால், கடைசிச் சாய்வையே நீட்டி, மெத்தையாகவே நடத்திக்கொண்டு போயிருக்கிறது நிரல். வளைவின் வாலைச் செங்குத்தாக நீட்டலாம், காலப்படியின், அதாவது கணக்கு ஒரு தடவைக்கு முன்னேறும் நேரத்தின், காரணியை 0.9 என்ற இயல்பு மதிப்பிலிருந்து குறைக்கலாம், துண்டுகள் அளவுக்கு மீறி நசுங்காமல் தடுக்க நுரைக்குள் உள்தொடர்பு வரையறுக்கலாம். இவையெல்லாம் கையேட்டில் இருக்கின்றன. எனக்குக் கவலை அதில் இல்லை. உங்களுக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வியை நிரல் கேட்டது. நீங்கள் அதன் வாயைக் கட்டினீர்கள்.

காங்கேயம் பக்கத்தில் எங்கள் அப்பாருவின் தோட்டத்தில் கிணறு ஆழப்படுத்திய கோடை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பக்கத்து மண் தெரியும் உங்களுக்கு. மேலே கொஞ்சம் மண், அப்புறம் பாறைதான். கிளுவை வேலிக்கு அப்பால் போகக் கூடாது என்று எனக்குக் கட்டளை. வெடி வைக்கும் மேஸ்திரி ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு. பாறையில் ஏழு குழி அடித்து, மருந்து வைத்து, மேலே களிமண்ணை இறுகத் திணித்தார். திணிப்பு சரியில்லை என்றால் வெடி பாறையை உடைக்காமல் குழியின் வாய்வழியே துப்பிவிட்டுப் போய்விடும். திரிகளை ஒரே நீளத்தில் விடவில்லை. ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சம் கூட்டி வெட்டினார். வெடிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால்தான் எண்ண முடியும். பற்ற வைத்துவிட்டு மேலே ஏறி வந்து, வேலிக்கு இந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விரலை மடக்கினார்.

ஆறு விரல் மடங்கியது. அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

அப்பாரு பொறுமைக்குப் பேர் போனவர் அல்ல. ஆட்கள் கூலிக்கு நிற்கிறார்கள், பொழுது சாய்கிறது, கல்லை அள்ளி மேலேற்ற வேண்டும். "இரண்டு ஒன்றாக வெடித்திருக்கும், இறங்குங்கள்" என்றார். மேஸ்திரி தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார். அப்பாரு சத்தம் போட்டார், கூலியைப் பிடித்துக்கொள்வேன் என்றார், ஊரில் வேறு மேஸ்திரி இல்லையா என்றார். அந்த மனிதர் அசையவில்லை. எங்கே போகிறார்கள் என்று பார்க்க நான் எழுந்தபோது, "அம்மணி, அங்கேயே இருங்கள்" என்றார். அன்று மாலை அவர் வாயிலிருந்து வந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் அவர் மட்டும் இறங்கினார். ஏழாவது குழி அப்படியே இருந்தது. திரி பாதியில் நனைந்து அணைந்திருந்தது. அதைத் தோண்டி எடுக்கவும் இல்லை, அதே குழியில் கம்பியை விடவும் இல்லை. சற்றுத் தள்ளி வேறொரு குழி அடித்து, அதை வெடித்துத்தான் அந்த மருந்தைத் தீர்த்தார். அப்பாரு கட்டுத்தரையில் மாட்டுக்குத் தட்டு போட்டுக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. கூலியை மட்டும் முழுதாகக் கொடுத்தார்.

இப்போது உங்கள் அறிக்கைக்கு வருகிறேன், தம்பி. 'அழிப்பு வசதியை இயக்கினேன், சரியாகிவிட்டது' என்கிறீர்கள். அறிக்கையில் அழிக்கப்பட்ட துண்டுகள் எத்தனை என்று பார்த்தீர்களா? ஒன்றுகூட இல்லை. நீங்கள் இயக்கிய வசதிக்கு வேலையே வரவில்லை. அப்படியென்றால் பிழையை நிறுத்தியது எது? இந்தக் கேள்வியை நீங்களும் கேட்கவில்லை, உங்கள் மேலாளரும் கேட்கவில்லை. பல மணி நேரம் ஓடியும் பாதியைத் தாண்டாத கணக்கு இருபது நிமிடத்தில் முடிகிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு ஒன்றாக வெடித்திருக்கும் என்று எல்லோரும் கிணற்றுக்குள் இறங்கிவிட்டீர்கள்.

அறிக்கையின் முதல் பக்கங்களிலேயே பதில் இருக்கிறது. உங்கள் கதவு 2 மீட்டர் உயரம், 1 மீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் தடிமன். துண்டுகள் 10 மில்லிமீட்டர். நிரல் எடுத்துக்கொண்ட காலப்படி 0.000052 வினாடி. இந்த வகைக் கணக்கில் காலப்படி, மிகச் சிறிய துண்டை ஒலி கடக்கும் நேரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கூரண்ட், ஃபிரீட்ரிக்ஸ், லூவி மூவரும் 1928-லேயே சொல்லிவிட்டுப் போன நிபந்தனை அது. 0.9 காரணியையும் சேர்த்துத் திருப்பிக் கணக்குப் போட்டால் உங்கள் இரும்பில் ஒலி நொடிக்குச் சுமார் 170 மீட்டர் ஓடுகிறது. காற்றிலேயே ஒலி 340 மீட்டர் ஓடும். இரும்புத் தகட்டில் 5,000 மீட்டருக்கு மேல் ஓட வேண்டும். இதைப் பார்க்க உங்களுக்கு எந்தப் புத்தகமும் தேவையில்லை.

காரணம் அடர்த்தி. நீங்கள் டன், மில்லிமீட்டர், வினாடி என்ற அலகுகளில் வேலை செய்கிறீர்கள். அதில் இரும்பின் அடர்த்தி 0.00000000785. எங்கிருந்தோ ஒரு வரியைப் பிரதி எடுத்தபோது 0.00000785 உட்கார்ந்துவிட்டது. கிலோகிராம், மில்லிமீட்டர், மில்லிவினாடி அலகில் எழுதியவர்களின் எண் அது, அவர்களுக்குச் சரி. உங்களுக்கு இரும்பு ஆயிரம் மடங்கு கனத்துவிட்டது. 157 கிலோ இருக்க வேண்டிய கதவு, அதே அறிக்கையின் மொத்த நிறை வரியில் 157 டன் என்று நிற்கிறது. ஈரோடு லோகோ ஷெட்டில் நிற்கும் டபிள்யூஏபி-7 ரயில் எஞ்சினே 123 டன்தான். அதைவிடக் கனமான கதவை எந்த வெடி அசைக்கும்? கதவு அசையாததால் நுரை நசுங்கவில்லை, அதனால் பிழையும் வரவில்லை. அந்தக் கதவைக் காட்டித்தான் உங்கள் மேலாளர் வாடிக்கையாளரிடம் நல்ல பெயர் வாங்கப் போகிறார். கதவுக்குப் பக்கத்தில் நிற்கப்போவது அவர் அல்ல, குவாரியில் வேலை செய்யும் யாரோ ஒருவர்.

கணினி பிழை சொல்லாவிட்டால் எல்லாம் சரி என்று நினைப்பவர்களிடம் நான் எப்போதும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயில் ஸ்டாவாங்கர் அருகே, ஸ்லைப்னர் ஏ எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளத்தைக் கடலில் மெதுவாக இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தபோது அது உடைந்து மூழ்கிப்போனது. அதை வடிவமைக்கப் போட்டதும் இதே போலத் துண்டு துண்டாகப் பிரித்துப் போடும் ஃபைனைட் எலிமென்ட் கணக்குதான். அறைச் சுவர்கள் கூடும் இடத்தில் துண்டுகளைச் சரியாகப் பிரிக்காததால் வெட்டுத் தகைவை 47 சதவீதம் குறைத்துக் காட்டியது. விபத்துக்குப் பிறகு கவனமாகப் போட்ட கணக்கு, 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். கணக்கு முறைக்குத் திறமை இல்லாமல் இல்லை, ச. முதல் தடவை வந்த விடையை யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை.

அதனால்தான் ஆற்றல் வரைபடம் கேட்கிறேன். மண்டியில் கடை சாத்தும் நேரத்தில் கல்லாவில் பணம் குறைந்தாலும் சரி, கூடினாலும் சரி, கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் போக மாட்டார். இங்கேயும் அப்படித்தான். இயக்க ஆற்றல், உள் ஆற்றல், உரசலில் போனது, எல்லாம் சேர்ந்து வெளியிலிருந்து வந்ததோடு ஒத்துப்போக வேண்டும். தொடர்பு ஆற்றல் கழித்தலில் போனால், இரண்டு தகடுகள் தொடக்கத்திலேயே ஒன்றுக்குள் ஒன்று புதைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அவர்கிளாஸ் ஆற்றல், அதாவது ஒற்றைப் புள்ளியில் கணக்கிடும் துண்டுகள் செலவே இல்லாமல் நெளிவதைத் தடுக்க நிரல் செய்யும் வீண் செலவு, உள் ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருப்பது வழக்கமான வரம்பு. உங்கள் அறிக்கையில் அது சுத்தமாகப் பூஜ்யம். மகிழ்ந்துவிடாதீர்கள். இந்த மென்பொருள், நாமாகக் கேட்டால் ஒழிய அந்தச் செலவைக் கணக்கில் எழுதுவதே இல்லை. ஆற்றல் கட்டுப்பாட்டு அட்டையில் அதற்கான இடத்தில் 2 என்று போடுங்கள்.

படிக்க என்ன என்று கேட்டீர்கள். மென்பொருளோடு வரும் கோட்பாட்டுக் கையேட்டில் காலப்படி பற்றிய அத்தியாயத்தைப் படியுங்கள், போதும். ஜான் ஹால்க்விஸ்ட் 1976-இல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் இந்த நிரலின் முன்னோடியை எழுதியபோது, குறைந்த உயரத்திலிருந்து போடும் குண்டு தரையில் மோதினால் என்ன ஆகும் என்பதுதான் அவர் முன்னால் இருந்த கேள்வி. கையில் ஒரு கேள்வி இருந்தால் கையேடு தானாகப் புரியும். வெடிக்கு ஹாப்கின்சன்-கிரான்ஸ் கனமூல விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். மருந்து எட்டு மடங்கானால், அதே அழுத்தம் இரண்டு மடங்கு தூரத்தில் கிடைக்கும். கணினியைத் தொடும் முன், அழுத்தத் துடிப்பை, அதாவது வெடியின் அழுத்தம் நீடிக்கும் நேரம் முழுக்கச் சேர்ந்த தள்ளலை, கதவின் ஒரு சதுர மீட்டர் நிறையால், அதாவது 78.5 கிலோவால், ஒரு துண்டுக் காகிதத்தில் வகுத்துப் பாருங்கள். கதவு எந்த வேகத்தில் கிளம்பும் என்று உத்தேசமாகத் தெரிந்துவிடும். ஆயிரம் மடங்கு வித்தியாசம் அந்தக் காகிதத்திலேயே பல்லிளித்திருக்கும்.

அவர்கிளாஸ் குணகம் கேட்டீர்கள் அல்லவா, மறந்தே போனேன். 0.1 என்ற இயல்பு மதிப்பில் விடுங்கள். விறைப்பு வகைக் கட்டுப்பாடு என்றால் 0.03 முதல் 0.05 வரை. உங்கள் நோய் அதில் இல்லை.

உறுத்துகிறது என்று எழுதினீர்களே, அது வீண்போகவில்லை. அந்த உறுத்தலை மேலாளரிடம் கொண்டுபோங்கள். 157 டன் என்ற அந்த வரியை மட்டும் காட்டுங்கள், வேறு வாதம் வேண்டாம். பிறகு அடர்த்தியைத் திருத்துங்கள். அழிப்பு வசதியை அணையுங்கள். அவர்கிளாஸ் கணக்கை எழுதச் சொல்லுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள், தொட்டால் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். காலப்படி முப்பது மடங்குக்கு மேல் சிறுத்துவிடும் என்பதால் இருபது நிமிட ஓட்டத்துக்குப் பத்து மணி நேரமாவது ஆகும். மாலையில் ஓடவிட்டுப் போனால் காலையில் வந்து பார்க்கலாம். அநேகமாக அந்த நெகட்டிவ் வால்யூம் திரும்ப வந்து, கணக்கு பாதியில் நின்றிருக்கும். வந்தால் நுரையின் வளைவை அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம். வராவிட்டால் அன்றே எழுதுங்கள்.